அலைநீளத்தைத் திரையின் நிறமாக்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

உயர்தரப் பௌதிகவியல் செய்முறையில் சோடியம் விளக்கை ஏற்றி, திருசியமானிக்குள் அந்த மஞ்சள் கோட்டைப் பார்க்கிறோம். அலைநீளம் 589 நானோமீற்றர் என்று எழுதுகிறோம். சரி, அதே மஞ்சளைக் கணினித் திரையில் காட்டச் சிவப்பு, பச்சை, நீலத்துக்கு என்னென்ன எண் கொடுக்க வேண்டும்? ஒரே விளக்கைச் சுற்றி முழு வகுப்பும் முண்டியடிக்கிற இடங்களில், திரையில் ஒரு மாதிரியை ஓடவிட்டுக் காட்ட நினைக்கும் ஆசிரியருக்கு முதலில் வரும் கேள்வி இதுதான். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் உயர்தரம் படிக்கிறவர்கள், அறிவியல் நகரிலும் பம்பைமடுவிலும் பல்கலைக்கழகம் போகிறவர்கள், மன்னாரிலும் வவுனியாவிலும் கற்பிக்கிறவர்கள் எல்லோரையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். கூட்டல், பெருக்கல், அடுக்கு தெரிந்தால் போதும்.

இணையத்தில் அதிகம் சுற்றும் ஒரு நிரல் துண்டு உண்டு. அது 380 முதல் 780 வரை உள்ள வீச்சை ஆறேழு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு நிறத்தை நேர்கோட்டில் ஏற்றும் அல்லது இறக்கும். வானவில் பட்டை அழகாகவே வரும். ஆனால் 589ஐக் கொடுத்துப் பாருங்கள்: 255, 226, 0 என்று எலுமிச்சை மஞ்சளைத் தரும். சோடியம் விளக்கை நேரில் பார்த்த எவரும் அதை ஒத்துக்கொள்ள மாட்டார். அதைவிடப் பெரிய குறை, அந்த முறையால் இரண்டு ஒளிகளைக் கூட்ட முடியாது. நெல் இலை ஏன் பச்சை, இரணைமடுக் குளத்தில் மாலைச் சூரியன் ஏன் செம்மஞ்சள் என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை.

காரணம் எளியது. நிறம் ஒளியில் இல்லை, கண்ணில் இருக்கிறது. ஒளியில் இருப்பது ஒவ்வோர் அலைநீளத்திலும் எவ்வளவு சக்தி என்ற விபரம் மட்டுமே. கண் அந்த முழு விபரத்தையும் மூன்று கூட்டுத்தொகையாகச் சுருக்கிவிடுகிறது. கடைச் சிட்டையில் மொத்தத்தை மட்டும் பார்ப்பது போல: என்ன சாமான் வாங்கினீர்கள் என்பது போய்விடும், தொகை மட்டும் மிஞ்சும். அதனால்தான் திரை வெறும் மூன்று நிறத்தை வைத்துக்கொண்டு நம்மை நம்பவைக்க முடிகிறது. நமது நிரலும் அலைநீளத்திலிருந்து நேரே திரைக்குத் தாவாமல், நடுவில் கண் வழியாகப் போக வேண்டும்.

எழுதும் மொழி பற்றி

பைத்தான் 3 மாறிகளுக்கும் சார்புகளுக்கும் தமிழ்ப் பெயரை ஏற்கும். கீழே உள்ள கணக்கு வரிகளை அப்படியே தட்டலாம். ஆறு சொற்களை மட்டும் நீங்கள் மாற்றிக்கொள்ள வேண்டும்: "சார்பு" என்ற இடத்தில் டெஃப், "திருப்பு" என்ற இடத்தில் ரிட்டர்ன், "ஒவ்வொரு … உள்" என்ற இடத்தில் ஃபார் … இன், "வரிசை" என்ற இடத்தில் ரேஞ்ச், "பெரியது", "சிறியது" என்ற இடங்களில் மேக்ஸ், மின். கணினி இல்லாதவர்கள் அண்ட்ரொய்ட் போனிலேயே பைட்ராய்ட் என்ற செயலியைப் போட்டு ஓடவிடலாம்.

முதற்படி: கண்ணை எழுதுவது

1920களின் கடைசியில் இங்கிலாந்தில் டேவிட் ரைட் 10 பேரையும் ஜோன் கில்ட் 7 பேரையும் தனித்தனியே வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பக்கம் தனி அலைநீள ஒளி. மறுபக்கம் சிவப்பு, பச்சை, நீல விளக்குகள். இரண்டு பக்கமும் ஒரே நிறமாகத் தெரியும்வரை விளக்குகளைக் கூட்டிக் குறைக்க வேண்டும். அந்த 17 பேரின் கண்களிலிருந்து பிறந்ததுதான் 1931இல் சிஐஇ என்ற சர்வதேச ஒளியூட்டல் ஆணையம் வெளியிட்ட மூன்று வளையிகள். எக்ஸ், ஒய், இசட் என்று பெயர். ஒய் வளையி கண்ணுக்குத் தெரியும் பிரகாசத்தைக் குறிக்கும், 555 நானோமீற்றரில் உச்சம். இன்று உங்கள் போன் திரை வரைக்கும் அந்த 17 பேரின் கணக்குத்தான் ஓடுகிறது.

வளையிகள் அட்டவணையாகக் கிடைக்கின்றன. ஆனால் நூற்றுக்கணக்கான எண்களைத் தட்டச்சு செய்யாமலே வேலையை முடிக்கலாம். 2013இல் வைமன், ஸ்லோன், ஷேர்லி மூவரும் அவற்றை மணி வடிவச் சார்புகளின் கூட்டாக எழுதிக் காட்டினார்கள். ஒவ்வொரு மணிக்கும் இடப்பக்கச் சரிவு வேறு, வலப்பக்கச் சரிவு வேறு. வகுப்பறைக்கும் சாதாரண வரைகலைக்கும் இதன் துல்லியம் தாராளம்.

```
சார்பு மணி(அலை, நடு, இடம், வலம்):
    சரிவு = இடம் * (அலை < நடு) + வலம் * (அலை >= நடு)
    த = (அலை - நடு) * சரிவு
    திருப்பு 2.718281828 ** (-0.5 * த * த)

சார்பு கண்(அலை):
    எக்ஸ் = 0.362 * மணி(அலை, 442.0, 0.0624, 0.0374)
    எக்ஸ் = எக்ஸ் + 1.056 * மணி(அலை, 599.8, 0.0264, 0.0323)
    எக்ஸ் = எக்ஸ் - 0.065 * மணி(அலை, 501.1, 0.0490, 0.0382)
    ஒய் = 0.821 * மணி(அலை, 568.8, 0.0213, 0.0247)
    ஒய் = ஒய் + 0.286 * மணி(அலை, 530.9, 0.0613, 0.0322)
    இசட் = 1.217 * மணி(அலை, 437.0, 0.0845, 0.0278)
    இசட் = இசட் + 0.681 * மணி(அலை, 459.0, 0.0385, 0.0725)
    திருப்பு எக்ஸ், ஒய், இசட்
```

சரிவு வரியைக் கவனியுங்கள். ஒப்பீடு உண்மையானால் பைத்தான் அதை 1 என்றும் பொய்யானால் 0 என்றும் எடுத்துப் பெருக்கும். அதனால் தனி நிபந்தனை வரி தேவைப்படவில்லை.

589ஐக் கொடுங்கள். எக்ஸ் 1.014, ஒய் 0.775, இசட் கிட்டத்தட்ட பூச்சியம் என்று வர வேண்டும். வராவிட்டால் ஏதோ ஓர் எண்ணைத் தவறாகத் தட்டியிருக்கிறீர்கள். மேலே போகமுன் அதைப் பிடித்துவிடுங்கள்.

இரண்டாம் படி: கண்ணிலிருந்து திரைக்கு

திரைகளுக்குப் பொதுவான அளவுகோல் எஸ்ஆர்ஜிபி. 1996இல் ஹியூலெட் பேக்கார்டும் மைக்ரோசொஃப்ட்டும் முன்வைத்தது, 1999இல் சர்வதேசத் தரமானது. எக்ஸ், ஒய், இசட்டை அதன் சிவப்பு, பச்சை, நீலமாக மாற்ற ஒரு 3×3 தாயம் போதும்:

```
சார்பு தாயம்(எக்ஸ், ஒய், இசட்):
    சி = 3.2406 * எக்ஸ் - 1.5372 * ஒய் - 0.4986 * இசட்
    ப = -0.9689 * எக்ஸ் + 1.8758 * ஒய் + 0.0415 * இசட்
    நீ = 0.0557 * எக்ஸ் - 0.2040 * ஒய் + 1.0570 * இசட்
    திருப்பு சி, ப, நீ
```

சோடியத்துக்கு வருவது 2.094, 0.471, -0.101. இங்கேதான் பலர் நிரல் பிழை என்று நினைத்து நிறுத்திவிடுகிறார்கள். பிழை இல்லை. நீலம் எதிர் எண்ணாக வந்ததன் பொருள், சோடியத்தின் மஞ்சள் இந்தத் திரையால் காட்டக்கூடியதைவிடத் தூய்மையானது என்பதுதான். சோடியம் இதில் சாது. 500 நானோமீற்றருக்குச் செய்து பாருங்கள்: -0.63, 0.62, 0.22. அந்த நீலப்பச்சையை எந்த எஸ்ஆர்ஜிபி திரையும் காட்டாது. அரியத்தில் பிரித்த ஒளியின் நிறங்கள் எல்லாமே திரையின் எல்லைக்கு வெளியேதான் இருக்கின்றன. ஆகவே கேள்வி, எப்படிச் சரியாகக் காட்டுவது என்பதல்ல. எந்தச் சமரசத்தைத் தெரிந்தே செய்வது என்பது.

மூன்றாம் படி: எதிர் எண்களை என்ன செய்வது

எதிர் எண்ணை வெட்டிப் பூச்சியமாக்குவது சுலபமான வழி. ஆனால் வெட்டினால் நிறத்தின் சாயல் நகரும். 500க்கு வெட்டி, உச்சத்தை 1 ஆக்கினால் முடிவில் 0, 255, 160 வரும். மற்ற வழி, வேண்டிய அளவு வெள்ளையைக் கலப்பது: மிகக் குறைந்த எண் பூச்சியமாகும்வரை மூன்றிலும் ஒரே அளவைக் கூட்டுவது. அப்படிச் செய்தால் அதே 500க்கு 0, 255, 215 வரும். இரண்டும் உண்மை நிறமல்ல. ஆனாலும் இரண்டாவதில் நிறம் வெளிறுகிறதே தவிர வேறு பக்கம் அவ்வளவு சாய்வதில்லை. தனி நிறத்தைக் காட்டும்போது நான் எடுப்பது இரண்டாவதைத்தான்.

```
சார்பு அடக்கு(சி, ப, நீ):
    குறை = சிறியது(சி, ப, நீ, 0)
    சி, ப, நீ = சி - குறை, ப - குறை, நீ - குறை
    உச்சம் = பெரியது(சி, ப, நீ, 1)
    திருப்பு சி / உச்சம், ப / உச்சம், நீ / உச்சம்
```

உச்சத்தில் அந்த 1 ஏன்? எண்கள் 1க்குள் இருந்தால் தொடாமல் விட வேண்டும், இல்லாவிட்டால் இருண்ட இலையும் பளிச்சென்று எரியும். தனி அலைநீளத்தை முழுப் பிரகாசத்தில் காட்ட வேண்டுமானால் மட்டும் அந்த 1ஐ எடுத்துவிடுங்கள். மேலே 500க்குத் தந்த எண்கள் அப்படி எடுத்தவைதான்.

முழு வானவில் பட்டையை வரையும்போது கதை வேறு. ஒவ்வோர் அலைநீளத்துக்கும் தனித்தனியே வெள்ளை கலந்து, தனித்தனியே உச்சத்தால் வகுத்தால், ஊதா முனையும் சிவப்பு முனையும் நடுப்பச்சையைப் போலவே பிரகாசமாக நிற்கும். உண்மையில் முனைகள் மங்கி இருளில் கரைய வேண்டும். பட்டைக்கு நல்ல வழி, எல்லாப் புள்ளிகளிலும் உள்ள மிகச் சிறிய எண்ணைக் கண்டுபிடித்து, அதே அளவு சாம்பலைப் பட்டை முழுவதுக்கும் பின்னணிக்கும் கூட்டிவிடுவது. பிறகு பட்டை முழுவதுக்கும் ஒரே உச்சத்தால் வகுங்கள். சாம்பல் பின்னணியில் நிறங்கள் கொஞ்சம் அடங்கித் தெரியும், ஆனால் அலைநீளங்களுக்கிடையே உள்ள விகிதம் பிசகாது. பிள்ளைகளுக்குக் காட்டுவதானால் இந்தப் பட்டையைத்தான் காட்ட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அழகுக்காக மெருகேற்றிய வானவில்லைப் பார்த்துப் பழகியவர்கள், பிறகு அரியத்தில் உண்மையைப் பார்க்கும்போது கருவியைத்தான் சந்தேகிப்பார்கள்.

நான்காம் படி: காமா

இதுவரை வந்த எண்கள் ஒளியின் அளவுகள். திரை எதிர்பார்க்கும் எண்கள் அவையல்ல. எஸ்ஆர்ஜிபி அதற்குக் காமா என்ற ஒரு வளைவை வைத்திருக்கிறது:

```
சார்பு காமா(ஒ):
    அடி = (ஒ <= 0.0031308) * 12.92 * ஒ
    மேல் = (ஒ > 0.0031308) * (1.055 * ஒ ** (1 / 2.4) - 0.055)
    திருப்பு 255 * (அடி + மேல்)
```

எதிர் எண்களை அடக்கிய பிறகே இதற்குள் விடுங்கள். எதிர் எண்ணுக்குப் பின்ன அடுக்கு கேட்டால் பைத்தான் சத்தமில்லாமல் சிக்கலெண்ணைத் தந்துவிடும், கோளாறு வேறெங்கோ போய் வெடிக்கும்.

காமாவை விட்டால் என்ன ஆகும் என்பதைச் சோடியத்திலேயே பார்க்கலாம். வெட்டி, வகுத்து, நேரே 255ஆல் பெருக்கினால் 255, 57, 0. அது செங்கல் சிவப்பு. காமாவோடு போனால் 255, 130, 0. வெட்டாமல் வெள்ளை கலந்த முறையில் 255, 140, 0. விளக்கில் பார்த்த அந்தச் செம்மஞ்சள் சாயல் இப்போதுதான் வருகிறது. கூட்டல், கலத்தல், வகுத்தல் எல்லாவற்றையும் காமாவுக்கு முன்பே முடித்துவிடுங்கள். காமா கடைசிப் படி. அதற்குப் பிறகு எந்தக் கணக்கும் செய்யாதீர்கள்.

ஐந்தாம் படி: முழு நிறமாலை

தனி அலைநீளம் ஆய்வுகூடத்துப் பொருள். வெளியே இருப்பதெல்லாம் கலவை. ஒரு பொருளின் நிறத்துக்கு மூன்று விபரங்கள் சேர வேண்டும்: விழும் ஒளி, பொருளின் தெறிப்பு, கண்.

```
சார்பு கூட்டு(ஒளி, தெறிப்பு):
    எக்ஸ் = ஒய் = இசட் = மொத்தம் = 0
    ஒவ்வொரு அலை உள் வரிசை(380, 781, 5):
        அ, ஆ, இ = கண்(அலை)
        ச = ஒளி(அலை)
        எக்ஸ் = எக்ஸ் + ச * தெறிப்பு(அலை) * அ
        ஒய் = ஒய் + ச * தெறிப்பு(அலை) * ஆ
        இசட் = இசட் + ச * தெறிப்பு(அலை) * இ
        மொத்தம் = மொத்தம் + ச * ஆ
    திருப்பு எக்ஸ் / மொத்தம், ஒய் / மொத்தம், இசட் / மொத்தம்
```

மொத்தத்தால் வகுப்பதால், முழுதும் தெறிக்கும் வெள்ளைப் பொருளுக்கு ஒய் சரியாக 1 ஆகும். முதற் சோதனையாக ஒளி, தெறிப்பு இரண்டையும் எங்கும் 1 என்று வையுங்கள். எக்ஸ், ஒய், இசட் மூன்றும் ஏறக்குறைய 1 வரும். திரையில் 255, 229, 225 ஐ ஒட்டி ஓர் இளஞ்சிவப்பு வெள்ளை தெரியும். அது சரியான விடைதான். எஸ்ஆர்ஜிபியின் வெள்ளை 6500 கெல்வினை ஒட்டிய பகலொளி, சம சக்தி ஒளி அதைவிடச் சற்றுச் சிவப்பு.

வெப்பத்தால் ஒளிரும் பொருட்களுக்குப் பிளாங்கின் விதி:

```
சார்பு பிளாங்க்(அலை, வெப்பம்):
    திருப்பு (560 / அலை) ** 5 / (2.718281828 ** (14387769 / (அலை * வெப்பம்)) - 1)
```

2856 கெல்வின், அதாவது பழைய குண்டு மின்குமிழின் தர அளவு, ஏறக்குறைய 255, 178, 100 தரும். வீட்டில் அந்த மின்குமிழ் இவ்வளவு மஞ்சளாகத் தெரிவதில்லையே என்று தோன்றும். இரவில் அந்த ஒளிக்குக் கண் பழகிவிடுகிறது. பகல் வெளிச்சத்தில் திரையைப் பார்ப்பவருக்கு அந்தப் பழக்கம் இல்லை.

சோடியம், பாதரசம் போன்ற கோட்டு நிறமாலைகளை இந்தச் சுற்றுக்குள் விடாதீர்கள். 5 நானோமீற்றர் தாண்டிப் போகும்போது கோடு இடையில் தப்பிவிடும். ஒவ்வொரு கோட்டின் செறிவையும் அதன் அலைநீளத்தின் கண் எண்களால் பெருக்கி நேரே கூட்டுங்கள்.

நெல் இலை

காலபோகத்தில் வயல்வெளி ஏன் அந்தப் பச்சையில் இருக்கிறது? பச்சையம் 430 முதல் 450 வரையிலும் 640 முதல் 680 வரையிலும் ஒளியை விழுங்குகிறது, 550ஐச் சுற்றிக் கொஞ்சம் விட்டுவைக்கிறது. 700க்கு மேல் தெறிப்பு ஒரேயடியாக எகிறும். மாதிரிக்கு நானே வைத்த எண்களில்:

```
சார்பு நெல்_இலை(அலை):
    திருப்பு 0.04 + 0.08 * மணி(அலை, 550, 0.03, 0.02) + 0.40 * (அலை > 715)
```

ஒளியாகப் பிளாங்க், வெப்பம் 6500. விடை 80, 92, 54 ஐ ஒட்டிய கரும்பச்சை. இப்போது அந்த 0.40 துண்டை முழுவதும் அழித்துவிட்டு மீண்டும் ஓடவிடுங்கள். நிறம் அசையாது. தெறிப்பின் மிகப் பெரிய பங்கு அதுதான், ஆனால் 700 நானோமீற்றரில் கண்ணின் பிரகாச எண் வெறும் 0.0041. செய்மதிகள் பயிரைப் பார்ப்பது அந்தப் பகுதியில்தான், நமக்கோ அது இருட்டு.

அடுத்து 0.08ஐ 0.16 ஆக்கி, 0.02ஐ 0.012 ஆக்குங்கள். பச்சையம் குறைந்த இலை இது, மஞ்சள் கலந்த பச்சையாக வெளிறும். யூரியா போடும் நேரம் பார்க்க இலை வர்ண அட்டையைப் பிடித்து ஒப்பிடுவது இந்த மாற்றத்தைத்தான். ஒளியை 2856க்கு மாற்றினால் இரண்டு இலைகளுமே மஞ்சளுக்குச் சாயும். இலையை மாற்றாமல் ஒளியை மட்டும் மாற்றியதற்கே இவ்வளவு.

இரணைமடு மாலை

சூரியனை 5772 கெல்வின் என்று எடுப்போம். காற்று குறுகிய அலைகளை அதிகம் சிதறடிக்கும், அளவு அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு நேர்மாறு. 550இல் சூரியன் உச்சியில் நிற்கும்போது ஒளியியல் தடிப்பு சுமார் 0.1.

```
சார்பு மாலை(அலை):
    திருப்பு பிளாங்க்(அலை, 5772) * 2.718281828 ** (-0.1 * (550 / அலை) ** 4 * காற்று)
```

காற்று என்ற எண் ஒளி கடக்கும் வளியின் அளவு: உச்சியில் 1, உச்சியிலிருந்து 80 பாகை சாய்ந்தால் 5.6, அடிவானத்தில் சுமார் 38. காற்று 1 ஆனால் வெள்ளைக்குக் கிட்ட வரும். 38க்கு 255, 110, 0 ஐ ஒட்டிய செம்மஞ்சள். குளக்கட்டில் நின்று பார்க்கும் சூரியன் இதைவிடச் சிவப்பாகவே பெரும்பாலும் இருக்கும், ஏனென்றால் இந்தக் கணக்கில் தூசியும் புகையும் இல்லை. அறுவடைக் காலத்தில் இரண்டும் தாராளம்.

கூட்டு சார்பு மொத்தத்தால் வகுப்பதால் இங்கே ஒன்று மறைந்துபோகிறது. காற்று 38இல் சூரியனின் பிரகாசம், காற்றே இல்லாத நிலையில் இருப்பதில் ஏறத்தாழ 25இல் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். தொடர் படங்களாக வரைவதானால் முதற் படத்தின் மொத்தத்தையே எல்லாவற்றுக்கும் வகுக்கப் பயன்படுத்துங்கள், அப்போதுதான் சூரியன் இறங்க இறங்க மங்கும்.

உங்கள் சொந்த நிறமாலை

எண்களைக் கையால் வைப்பதில் திருப்தி இல்லாதவர்களுக்கு: சப்பாத்துப் பெட்டி ஒன்றின் ஒரு முனையில் சவர அலகு இரண்டை நெருக்கி ஒட்டி ஒரு மெல்லிய பிளவு, மறுமுனையில் உரித்த டிவிடித் துண்டு, அதற்குப் பின்னே போன் கமரா. டிவிடியின் தடங்களுக்கிடையே 0.74 மைக்ரோமீற்றர், சிடியில் 1.6. டிவிடிதான் நிறங்களை அகலமாக விரிக்கும்.

முதலில் சிஎஃப்எல் மின்குமிழ் ஒன்றைப் படம் பிடியுங்கள். அதில் பாதரசத்தின் 435.8 நீலக் கோடும் 546.1 பச்சைக் கோடும் தெளிவாகத் தெரியும். படத்தில் அவை விழுந்த புள்ளி எண்கள் பு1, பு2 என்றால்:

```
அலை = 435.8 + (புள்ளி - பு1) * (546.1 - 435.8) / (பு2 - பு1)
```

சிஎஃப்எல்லில் 611க்குக் கிட்ட ஒரு பலமான செம்மஞ்சள் கோடு உண்டு. உங்கள் சமன்பாடு அதை எங்கே காட்டுகிறது என்று பாருங்கள். 611ஐ ஒட்டி வந்தால் பெட்டி சரி. தள்ளி வந்தால் டிவிடித் துண்டு வளைந்திருக்கிறது அல்லது போன் சாய்ந்திருக்கிறது.

அலைநீளம் சரியானாலும் செறிவு சரியாகாது. கமரா தன் பங்குக்கு எல்லா எண்களிலும் காமாவைப் பூசியிருக்கும், ஒவ்வொரு நிறத்துக்கும் அதன் உணர்திறனும் வேறு. புள்ளியின் எண்ணை 255ஆல் வகுத்து வ என்று வைத்தால், ((வ + 0.055) / 1.055) ** 2.4 அந்தக் காமாவை ஏறக்குறைய நீக்கும். பிறகு அதே பெட்டியில், கமராவின் வெளிச்ச அமைப்பைப் பூட்டிவிட்டு, குண்டு மின்குமிழ் ஒன்றைப் பிடியுங்கள். அது என்ன தர வேண்டும் என்பதைப் பிளாங்க் 2700இல் சொல்லும். வர வேண்டியதை வந்ததால் வகுத்தால் ஒவ்வோர் அலைநீளத்துக்கும் ஒரு திருத்த எண் கிடைக்கும். 420க்குக் கீழும் 680க்கு மேலும் கமராவுக்கு ஒளி மிகக் குறைவு, அங்கே வகுத்தால் இரைச்சல்தான் பெருகும். அந்த முனைகளைப் பூச்சியமாக விட்டுவிடுங்கள், கண்ணும் அங்கே அதிகம் எண்ணுவதில்லை. மிஞ்சியதை ஒளி என்ற சார்பாக்கிக் கூட்டுக்குள் கொடுத்தால், உங்கள் வீட்டு எல்இடி மின்குமிழின் 450ஐச் சுற்றிய நீல முனையும் அதன் அகன்ற மஞ்சள் மேடும் சேர்ந்து திரையில் எந்த வெள்ளையாகின்றன என்று பார்க்கலாம். பார்க்கும்போது போனின் இரவு வெளிச்ச அமைப்பை அணைத்துவிடுங்கள். அது நீலத்தைக் குறைத்து நீங்கள் கணக்கிட்ட எல்லாவற்றையும் மஞ்சளாக்கிவிடும்.